என்பும் சான்று பகரும்

தமிழகத்தின் தென்கோடியில் மண்ணைத் தோண்டுவார்க்குத் தாழி தட்டுப்படுவது புதுமையன்று. பொருநைக்கரையில் ஆதிச்சநல்லூர், அதனையடுத்துச் சிவகளை, மேற்கே மலையடிவாரத்தில் தென்காசி மாவட்டத்துத் திருமலாபுரம் என முதுமக்கள் துயிலும் ஈமக்காடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்டு வருகின்றன. திருமலாபுரத்தில் 2024ஆம் ஆண்டு தமிழகத் தொல்லியல் துறை தொடங்கிய அகழாய்வில், கற்பலகைகளை நிறுத்தி அமைத்த அறைக்குள் தாழிகள் காணப்பெற்றன. அந்த மாவட்டத்தைச் சேர்ந்ததே சங்கரன்கோவில். ஆகவே, தாழியைப் பற்றிய பேச்சு இவ்வட்டாரத்தார்க்கு எங்கோ நிகழ்ந்த கதையன்று. காலடி மண்ணின் செய்தி.

தாழி திறக்கும்போதெல்லாம் தமிழன் நெஞ்சு நிமிர்கின்றது. நிமிரத் தக்கதே. சிவகளைத் தாழியில் இருந்த நெல்லுமியின் காலம் கி.மு. 1155 என 2021இல் அறிவிக்கப்பெற்றது. அவ்வூரில் இரும்பின் பயன்பாடு கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டின் பிற்பகுதிவரை பின்செல்வதாகத் தமிழக அரசு 2025 சனவரியில் வெளியிட்ட ஆய்வறிக்கை கூறிற்று. நெல்லைக் கேட்டனர், அது விடை கூறிற்று. இரும்பைக் கேட்டனர், அதுவும் விடை கூறிற்று. ஆதிச்சநல்லூர்ப் பொன்பட்டத்தைக் கேட்டவர் பலர். ஆனால், அந்நெல்லை விளைத்த கையின் எலும்பையும், அவ்விரும்பை உருக்கியவன் முதுகெலும்பையும், அப்பட்டம் கட்டிய நெற்றிக்குக் கீழிருந்த மூக்கெலும்பையும், 'நீ உற்ற நோய் யாது?' என்று கேட்டவர் எத்துணைப் பேர்?

பொன் செல்வத்தைக் கூறும். இரும்பு தொழிலைக் கூறும். என்போ வாழ்ந்தவன் பட்ட துன்பத்தைக் கூறும். துன்பத்தை விட்டுவிட்டு எழுதப்படும் வரலாறு, அரசன் மாளிகையை மட்டும் வரைந்து ஊரை வரையாமல் விட்ட ஓவியம் போல்வது. மண்ணுள் கிடைக்கும் மாந்த என்புகளைக் கொண்டு பண்டை நோய்களைக் கண்டறியும் கலையைத் தொல்நோயியல் எனலாம். அக்கலை தமிழ்மண்ணில் வேரூன்ற வேண்டும் என்பதும், அதற்குரிய சான்று அறியாமையால் அழிந்துவிடாமல் காக்கப்பெற வேண்டும் என்பதுமே ஈண்டுக் கூறப்படுவன.

இதுவரை நடந்தது யாது என்பதை முதற்கண் காண்போர்க்கு வருத்தமே மிஞ்சும். 1876இல் ஆதிச்சநல்லூர்க்கு வந்த செருமானியர் யாகோர், தாழிகளையும் கருவிகளையும் என்புகளையும் பெர்லினுக்குக் கொண்டு சென்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அலெக்சாந்தர் இரீ அங்கு விரிவாக அகழ்ந்தார். அவர் எடுத்தவை சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன. அம் மண்டையோடுகளைப் பற்றிச் சக்கர்மேன் என்னும் அறிஞர் எழுதிய ஆய்வினை அவ்வருங்காட்சியகம் 1930இல் வெளியிட்டது. அக்கால ஆய்வாளர் கையில் இருந்தது அளவுகோல். மண்டையின் நீளம் என்ன, அகலம் என்ன, மூக்கின் விரிவு என்ன என்று அளந்தனர். 'இவன் எவ்வினத்தான்?' என்பதே அவர்தம் வினா. 'இவன் எதனால் நலிந்தான்?' என்பது அவர்க்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

அவ்வினாவின் விளைவு இன்றளவும் நிற்கின்றது. இனம் அளப்பார்க்கு மண்டையோடு போதும். ஆதலால் உலகெங்கும் அக்கால அருங்காட்சியகங்களில் மண்டையோடுகள் வரிசைப்படுத்திப் பேணப்பெற்றன. கை விரலும் கால் விரலும் விலாவும் முள்ளெலும்பும் உடைசல் என்று ஒதுக்கப்பெற்றன. நோய் அறிவார்க்கோ அவ்வுடைசல்தான் ஏடு. தலையை மட்டும் வைத்துக்கொண்டு உடலைத் தொலைத்தவர், நூலின் அட்டையைப் பேணி ஏடுகளைக் கிழித்தெறிந்தவர் போன்றவராவர்.

என்பு எங்ஙனம் நோயைக் கூறும்? உயிருள்ள உடலில் என்பு கல்லன்று. அது நாளும் கரைந்து நாளும் வளரும் உயிர்ப்பொருள். நீண்ட நாள் நீடிக்கும் நோய் ஓரிடத்தில் என்பைக் கரைக்கும். ஓரிடத்தில் புதிய என்பை மேலே படிய வைக்கும். உயிர் பிரிந்தபின் அவ்வளவில் எல்லாம் நின்றுவிடும். தசை மண்ணாகும், குருதி மண்ணாகும், அந்த வடு மட்டும் ஆயிரம் ஈராயிரம் ஆண்டு அழியாமல் கிடக்கும். அதனைப் படிக்கத் தெரிந்தவன் கண்ணுக்கு அது கல்வெட்டே.

தொழுநோயை எடுத்துக்கொள்க. அந்நோயின் நுண்ணுயிரி உடலின் குளிர்ந்த பகுதிகளில் உள்ள நரம்புகளையும் தோலையும் மூக்கின் உள்வரியையும் பற்றும். முற்றிய நிலையில், மூக்குத்துளையின் அடியில் முள்போல் முன்துருத்தி நிற்கும் சிற்றெலும்பு கரைந்து மறையும். மூக்குத்துளையின் விளிம்பு தேய்ந்து வட்டமாக அகலும். மேல்வாய் முன்பற்களைத் தாங்கும் தாடை விளிம்பு பின்வாங்க, அப்பற்கள் ஆட்டங்கண்டு விழும். கை விரல்களின் நுனியெலும்புகள் தேயும். கால் விரலெலும்புகள் சீவிய எழுதுகோல் போல் கூம்பும். கீழ்க்கால் எலும்புகளின் மேல் புதிய என்பு படியும். இவை அனைத்தும் ஒருவன்மாட்டு ஒருங்கே காணப்படின், அவன் உற்றது தொழுநோய் என ஐயமின்றிக் கூறலாம்.

இவ்வறிவு ஏட்டிலிருந்து வந்ததன்று, புதைகுழியிலிருந்து வந்தது. தென்மார்க்கு நாட்டு மருத்துவர் மோல்லர் கிறித்தென்சன் என்பார், நெசுட்வெத் என்னும் ஊரில் இடைக்காலத்துத் தொழுநோய் இல்லம் ஒன்றின் இடுகாட்டை 1940களின் இறுதியிலிருந்து அகழ்ந்தார். மண்ணைக் கையாலும் தூரிகையாலும் நீக்கி, நூற்றுக்கணக்கான என்புக்கூடுகளை விரல்நுனி உட்பட ஒன்றும் விடாமல் எடுத்தார். மூக்கடியிலும் மேல்தாடையிலும் ஏற்படும் மாற்றம் அக்குழியிலேயே அவர் கண்ணுக்குத் தென்பட்டது. அதன் பின்னரே உயிரோடிருந்த நோயாளர்மாட்டு ஊடுகதிர்ப் படத்தின் வாயிலாக அதனைத் தேடினர். அங்கும் அது இருந்தது! இறந்தோர் என்பு இருப்போர் மருத்துவத்துக்கு ஆசிரியனானது. சிற்றெலும்பைப் பேணியதன் பயன் அது.

இன்னொரு நோய் எலும்புருக்கி. தமிழன் அதற்கு இட்ட பெயரிலேயே எலும்பு இருக்கின்றது. உடல் மெலிந்து உருகுவதைக் கண்டு இட்ட பெயராயினும், அந்நோய் சிலர்மாட்டு உண்மையாகவே என்பைப் பற்றும். முள்ளெலும்புகளின் முன்பகுதி அரிக்கப்பட்டு நொறுங்க, முதுகு கூர்ங்கூனாக மடியும். இக்கூனை 1779இல் ஆங்கில மருத்துவர் பெர்சிவல் பாட்டு விளக்கி எழுதினார். விலாவெலும்பின் உட்புறத்திலும் அந்நோய் வடுவிடுவதுண்டு. ஆயினும், மருந்தில்லாக் காலத்திலும் எலும்புருக்கியுற்றோர் நூற்றுவருள் மூவர் முதல் ஐவர்க்கே நோய் என்புவரை சென்றது என்பர். எனவே, ஓர் ஈமக்காட்டில் ஒரு கூனல் முதுகெலும்பு கிடைத்தால், அதன் பின்னே நோயுற்றும் வடுவின்றி மாய்ந்தோர் பலர் நிற்கின்றனர் என்று கொள்ள வேண்டும்.

என்பு வாய் திறவாத நோய்களும் உள. கக்கல் கழிச்சல் ஒரு நாளில் உயிரைக் குடிக்கும், கொள்ளைநோய் சில நாளில் ஊரையே வெறுமையாக்கும், பெரியம்மையும் அன்னதே. என்பு மாறுவதற்குள் ஆள் மாய்ந்துவிடுவான். அவன் என்பு பழுதற்றதாகவே கிடக்கும். இதிலிருந்து ஒரு முரண் பிறக்கின்றது. வடுவுள்ள என்புக்கூடு, நோயோடு நெடுநாள் போராடி நின்றவனுடையது. வடுவற்ற என்புக்கூடு, நலமாக வாழ்ந்தவனுடையதாகவும் இருக்கலாம், முதல் தாக்குதலிலேயே வீழ்ந்தவனுடையதாகவும் இருக்கலாம். அமெரிக்க அறிஞர் நால்வர் 1992இல் இம்முரணைத் தெளிவாக எடுத்துக் கூறியபின், என்பை எண்ணி நலத்தை அளப்போர் நாவடக்கம் கற்றனர்.

அத்தகைய விரைநோய்களை அறியவும் இன்று வழி பிறந்துள்ளது. பல்லின் உட்குழியில் குருதி உலர்ந்து நிற்கும். அதில் நோய் நுண்ணுயிரியின் மரபணுத் துணுக்கும் தங்கும். இலண்டன் மாநகரில் 1348 முதல் 1350 வரை கொள்ளைநோயால் மாண்டோரைப் புதைத்த இடுகாட்டுப் பற்களினின்று அந்நுண்ணுயிரியின் முழு மரபணுத் தொகுதியையும் 2011இல் மீட்டெடுத்தனர். ஆனால், குளிர்நாட்டு மண் காத்துத் தந்ததை வெப்பநாட்டு மண் எளிதில் தருவதில்லை. அரியானாவின் இராகிகடியில் 61 என்பு மாதிரிகளை ஆராய்ந்தும் ஒன்றிலிருந்தே பயன்படத்தக்க மாந்த மரபணு கிடைத்ததாக 2019இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. கீழடிக்கு அண்மையிலுள்ள கொந்தகைத் தாழி என்புகளின் மரபணுவை ஆராயும் பணியை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் மேற்கொண்டது. இவ்வெம்மண்ணில் ஒவ்வொரு பல்லும் விலைமதிப்பற்றது என்பதை இதனால் உணர்க.

இந்தியத் துணைக்கண்டத்தில் இக்கலை ஈன்ற நற்சான்று ஒன்று இராசத்தானில், உதயப்பூரையடுத்த பாலத்தல் என்னும் தொல்லூரில் கிடைத்தது. புனே தக்காணக் கல்லூரியார் பங்கேற்ற அகழாய்வில் வெளிப்பட்ட ஓர் ஆண் என்புக்கூட்டின் முகத்தில் மூக்கடித் தேய்வும் மேல்தாடைத் தேய்வும் காணப்பெற்றன. நடுவயதினனாகிய அவன் வாழ்ந்த காலம் ஏறத்தாழ கி.மு. 2000. அவனைக் கல்லடைப்பு ஒன்றினுள், எரிந்த சாணச் சாம்பல் நிறைந்த இடத்தில் இட்டிருந்தனர். 2009இல் வெளியான அவ்வாய்வு, தொழுநோய்க்கு அதுகாறும் அறியப்பட்டிருந்த என்புச் சான்றுகளுள் மிகப் பழையது இதுவே என்று காட்டிற்று. 2013இல் அரப்பா என்புகளை ஆராய்ந்தோர், அங்கும் தொழுநோயும் எலும்புருக்கியும் இருந்தன என்றும், மாநகரம் நலிவுற்ற பிற்காலத்தில் நோய்த்தொற்று மிகுந்தது என்றும் கண்டனர். நகர் சிதையும்போது முதலில் சிதைவது எளியோர் உடல் என்பதை அவ்வெலும்புகள் அறிவிக்கின்றன.

இனித் தமிழ் ஏட்டின்பால் வருக. நாலடியாரில் ஒரு பாட்டு, உள்ளங்கை மட்டும் எஞ்ச விரல்கள் அழுகி வீழும் தொழுநோயைக் கூறுகின்றது. தொழுநோய் என்னும் அச்சொல்லையே ஆள்கின்றது. என்ன கூர்மையான காட்சி! இன்றைய மருத்துவன் ஊடுகதிர்ப் படத்தில் காண்பதை அப்புலவன் வெறுங்கண்ணால் கண்டு எழுதினான். 'குட்டம்' என்று வடசொல்லைத் திரித்து வழங்குவோர், பழந்தமிழிலேயே இந்நோய்க்குப் பெயர் உண்டு என்பதை இதனால் அறிக. ஆனால், கண்ட கண் பிழைபடாவிடினும் கூறிய கரணியம் பிழைபட்டது. முற்பிறப்பில் நண்டின் காலை ஒடித்துத் தின்ற பழவினையே இந்நோயாக வந்தது என்கின்றது அப்பாட்டு. நோயைக் கண்டான் புலவன், நோய்முதலைக் காணவில்லை. அஃது அவன் குற்றமன்று. நுண்ணோக்காடி இல்லாக் காலத்தின் குறை. தொழுநோயின் நுண்ணுயிரியை நார்வே நாட்டு ஆன்சன் 1873இல் அன்றோ கண்டார்!

நோய்முதல் அறியாத இடத்தில் பழி யார் தலையிலாவது விழுந்தே தீரும். சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரையைக் கற்றோர் இதனை அறிவர். பாண்டியன் இறந்தபின் நாட்டில் மழை பொய்த்தது, வறுமை வந்தது, வெப்புநோயும் கொப்புளநோயும் தொடர்ந்தன. அதற்குத் தீர்வாகக் கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்று அக்கட்டுரை கூறுகின்றது. ஒரு பொற்கொல்லன் செய்த வஞ்சத்துக்கு ஆயிரம் உயிர். அவர்தம் குருதிக்கும் அந்நோய்க்கும் யாதொரு தொடர்பும் இல்லை. தன் கரையில் நடந்ததாகக் கூறப்படும் இச்செய்தியைப் பொருநை மறக்கலாகாது. நோய்முதல் அறியாமை நோயினும் கொடிது.

தொழுநோயாளர்மீது விழுந்த பழியும் அத்தகையதே. தீவினையின் பயன் என்று உற்றார் ஒதுக்கினர். வெள்ளையன் அவ்வொதுக்கலைச் சட்டமாக்கினான். 1898ஆம் ஆண்டுச் சட்டம், வறிய தொழுநோயாளரைப் பிடித்து அடைக்கவும், குறித்த சில தொழில்களையும் பொதுக்கிணற்றையும் பொது ஊர்தியையும் அவர்க்கு விலக்கவும் வழிசெய்தது. நாடு விடுதலை பெற்றும் அச்சட்டம் ஏட்டில் கிடந்தது, 2016இல்தான் நீக்கப்பெற்றது. துணைவர்க்குத் தொழுநோய் உண்டு என்பதை மணமுறிவுக்குக் கரணியமாக ஏற்ற சட்டப்பிரிவுகள் 2019இல்தான் அகற்றப்பெற்றன. மருந்தோ 1982லேயே வந்துவிட்டது. உலக நலவாழ்வு நிறுவனம் அறிவுறுத்திய கூட்டுமருந்து, ஆறு திங்களிலோ ஓராண்டிலோ நோயைத் தீர்க்கின்றது. மருந்து வந்து முப்பத்து நான்கு ஆண்டு கடந்தபின்பே சட்டம் போயிற்று. உள்ளத்திலுள்ள சட்டம் இன்னும் போகவில்லை.

அந்த உள்ளச் சட்டத்தை உடைத்த அறிவில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. கொல்லிமலையில் 1914இல் பிறந்து, 1946 முதல் வேலூரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்டு, தொழுநோயாளர் விரல் தானே அழுகி உதிர்வதில்லை என்று காட்டினார். நரம்பு மரத்துப்போகின்றது, நோவு தெரிவதில்லை, அடுப்பின் சூடும் அரிவாளின் கூரும் அறியாமல் புண் மேல் புண்ணாகின்றது, அப்புண்ணே நாளடைவில் விரலைத் தேய்க்கின்றது. நோவு என்பது தண்டனையன்று, காவல் என்று அவர் உலகுக்கு உணர்த்தினார். மடங்கிய கைகளை அறுவையால் நிமிர்த்தித் தொழிலுக்குத் திருப்பினார். தாழியிலுள்ள தேய்ந்த விரலெலும்பைப் படிப்பவன், அதில் பழவினையைப் படிக்க மாட்டான். ஓர் உழைப்பாளி நோவு அறியாமல் அடுப்பங்கரையிலும் உலைக்களத்திலும் பட்ட புண்களையே படிப்பான்.

சங்கரன்கோவிலில் இச்செய்திக்குத் தனிப்பொருள் உண்டு. ஆடித்தவசுக்குத் திரளும் மக்களும் நாள்தோறும் வருவோரும் அக்கோயிற் புற்றுமண்ணை எடுத்து நெற்றியிலும் மேனியிலும் பூசுகின்றனர்; தோல்நோய் தீரும் என்பது வழிவழி நம்பிக்கை. வழிபாட்டை இகழ்வது ஈண்டு நோக்கமன்று. ஆனால், நிறம் வெளிறிய ஒரு தேமல் தோன்றி, அவ்விடத்தில் தொட்டாலும் கிள்ளினாலும் உணர்ச்சி இல்லையாயின், அது தொழுநோயின் முதற்குறியாக இருக்கக்கூடும். அதற்குப் புற்றுமண் மருந்தாகாது. அருகிலுள்ள அரசு நலவாழ்வு நிலையத்தில் மருந்து விலையின்றித் தரப்பெறுகின்றது. வணங்குவோர் வணங்குக, வணங்கியபின் மருத்துவரையும் காண்க. உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளருள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியாவில் உள்ளனர். அவர்தம் எண்ணிக்கை ஏறத்தாழ நூறாயிரம். காலம் தாழ்ந்தால் நரம்பு மீளாது, விரல் மீளாது. மருந்து அறியாத முன்னோன் தேய்ந்த விரலோடு தாழிக்குள் போனான். மருந்து அறிந்த காலத்துப் பேரன் அங்ஙனம் போதல் பெரும்பழி.

இனித் தொல்பொருட் காதலர்க்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். தமிழன் பெருமை பேச எழுந்தவர் சிலர், சான்று ஒன்று கூற, தாம் பத்துக் கூறிவிடுகின்றனர். என்பு விளையாட்டுக்கு இடந்தராது. ஆதிச்சநல்லூர்த் தாழிகள் சிலவற்றில் முழுவுடல் குந்திய நிலையில் இருந்தது. வேறு சிலவற்றில் தசை நீங்கியபின் பொறுக்கி இட்ட என்புகளே இருந்தன. பொறுக்கி இட்ட தாழியில் விரலெலும்பு இல்லையெனின், அது நோயால் தேய்ந்தது என்று கூறலாகாது, பொறுக்கினோர் விட்டிருக்கலாம். மண் அரித்த பள்ளமும் எலி கடித்த வடுவும் நோய் வடுப்போல் தோன்றும். பல்லின் மேற்பூச்சிலுள்ள குறுக்குக்கோடு, குழவிப் பருவத்தில் பசியோ நோயோ வளர்ச்சியைத் தடுத்தது என்று கூறும். எந்நோய் என்று கூறாது. ஒரு வடுவை வைத்து ஒரு நோயை முடிபு செய்பவன் மருத்துவனல்லன். நோயையும் அதன் முதலையும் அது தணியும் வழியையும் முறையே நாட வேண்டும் என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வகுத்த நெறி, உயிருள்ளார்க்கு மட்டுமன்று, தாழியிலுள்ளார்க்கும் பொருந்தும்.

இன்னொன்று. நாளை ஒரு தமிழகத் தாழியில் தொழுநோய்ச் சான்று கிடைப்பின், அதனால் இழிவு ஒன்றுமில்லை. கிடையாவிடின் உயர்வும் ஒன்றுமில்லை. நோய்க்கு இனமில்லை, மொழியில்லை. அந்நோயாளனைத் தாழியில் இட்டவர் யார், ஏனையோரோடு ஒருங்கே இட்டனரா, தனியே ஒதுக்கி இட்டனரா, அவனுக்கும் சோறும் கலமும் படைத்தனரா என்பதில்தான் ஒரு குமுகாயத்தின் உயர்வும் இழிவும் உள்ளன. நடக்கவியலாத ஒருவன் நெடுநாள் வாழ்ந்தான் என்று அவன் என்பு கூறுமாயின், அவனுக்கு நாளும் நீரும் சோறும் கொடுத்த கை ஒன்று இருந்தது என்றும் அதுவே கூறுகின்றது. பொன்பட்டத்தினும் உயர்ந்த பெருமை அஃதன்றோ!

ஆகவே செய்யத்தக்கன இவை. உழும்போதும் கிணறு வெட்டும்போதும் சாலைக்கு மண் எடுக்கும்போதும் தாழி கண்டால் உடைத்துப் பார்க்கற்க. உள்ளே புதையல் இராது, முன்னோர் இருப்பர். ஊர் நிருவாக அலுவலர்க்கும் தொல்லியல் துறைக்கும் அறிவிக்க. மண்ணைக் கொட்டிவிட்டு மண்டையோட்டை மட்டும் எடுத்து வைக்கற்க. விரல் நகத்தினும் சிறிய எலும்பு அம்மண்ணில்தான் இருக்கும். பள்ளி ஆசிரியர்கள் இதனை மாணவர்க்குச் சொல்லி வைக்க. தாழியை முதலிற் காண்போர் பெரும்பாலும் ஆடு மேய்க்கும் சிறுவரே.

அகழ்வோர் தாழி மண்ணைச் சல்லடையில் அரித்து, எல்லா என்பையும் இடங்குறித்து எடுக்க. அரசு, என்பாய்வுக்கெனத் தனிப்பிரிவு நிறுவி, மருத்துவக் கல்லூரிகளின் என்பு மருத்துவரையும் ஊடுகதிர் வல்லுநரையும் தொல்லியலாரோடு ஒரு மேசையில் அமர்த்துக. திருநெல்வேலியில் மருத்துவக் கல்லூரியும் உண்டு. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் உண்டு. ஆதிச்சநல்லூரும் சிவகளையும் அவற்றுக்குத் தொலைவன்று. 2025இல் கொந்தகை மண்டையோடுகளைக் கொண்டு முகம் புனைய இங்கிலாந்தின் இலிவர்பூல் பல்கலைக்கழகம் ஒன்றன் துணை பெறப்பட்டது. அறிவு எங்கிருந்து வரினும் கொள்க. ஆயினும், அவ்வறிவு இம்மண்ணிலேயே விளையும் நாளும் வர வேண்டும்.

ஆய்வு முடிபுகள் தமிழில் வெளிவருக. முள்ளெலும்பு, மேல்தாடை, என்புப் படிவு, நோய்வடு என அனைத்துக்கும் தமிழில் சொல் உண்டு, இல்லாதவற்றுக்கு ஆக்கலாம். தன் மூதாதையின் என்பு கூறும் செய்தியைப் பிறமொழியில் ஒருவர் படித்துச் சொல்லத் தமிழன் கேட்டு நிற்றல் தகுமோ? புலவரும் மருத்துவரும் கூடிச் சொல்லாக்கம் செய்தால் இக்குறை எளிதில் நீங்கும்.

பொன் எடுத்தோர் பொன்னைக் கொண்டு சென்றனர். மண்டையோடு எடுத்தோர் மண்டையோட்டைக் கொண்டு சென்றனர். எவரும் வேண்டாமென்று விட்டுச்சென்ற சிற்றெலும்புகள் இன்னும் இம்மண்ணில் கிடக்கின்றன. நோயுற்றவன் தீவினையாளன் அல்லன், தீர்வு கிட்டாத காலத்தில் பிறந்தவன் என்று சான்று பகர அவை காத்திருக்கின்றன. அச்சான்றைக் கேட்கச் செவி வேண்டும். கேட்கும்வரை காக்கக் கை வேண்டும். காக்க தமிழர்!